ஃபிராங்க் மார்க்கரை எந்தப் பருவத்திலிருந்து (சீசன்) பார்க்கத் தொடங்குவது?

ஃபிராங்க் மார்க்கர் என்னும் தனியார் துப்பறிவாளரைப் பற்றி 1965 முதல் 1975 வரை பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் ஒளிபரப்பான ‘பப்ளிக் ஐ’ என்னும் தொடரைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எந்தப் பருவத்திலிருந்து தொடங்குவது என்பதே அது. மற்றத் தொடர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. முதல் பருவத்தின் முதல் பகுதியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். இங்கே அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது. ஏழு பருவங்களில் மொத்தம் 87 பகுதிகள் தயாரிக்கப்பட்டன. அவற்றுள் ஏபிசி என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் தயாரித்த முதல் மூன்று பருவங்களின் 41 பகுதிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஐந்து மட்டுமே. பின்னர் தேம்ஸ் நிறுவனம் தயாரித்த நான்கு பருவங்களின் 46 பகுதிகளும் முழுமையாகக் கிடைக்கின்றன. ஆகவே, தொடக்கத்திலிருந்தே பார்ப்பேன் என்று உறுதியோடு அமர்கிறவருக்குக் கூட அந்தத் தொடக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

தவறான இடத்தில் தொடங்கிய ஒருவர் இரண்டு மூன்று பகுதிகளோடு நிறுத்திவிட்டு, பழைய தொடர், மெதுவாகப் போகிறது, நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. என் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. அவருக்கு இந்தத் தொடரைச் சொன்னவன் நானே. எங்கே தொடங்குவது என்பதைச் சொல்லாமல் விட்டவனும் நானே. அந்தக் குறையைச் சரிசெய்யும் வகையில், கிடைக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் மார்க்கர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் தனியார் துப்பறிவாளரைப் ‘பிரைவேட் ஐ’ என்பார்கள். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டுத்தான் தொடருக்குப் பெயர் வைத்தார்கள். ரோஜர் மார்ஷல், ஆன்டனி மேரியட் ஆகிய இருவரும் உருவாக்கிய ஃபிராங்க் மார்க்கர் திரைத் துப்பறிவாளர்களின் வழக்கமான அடையாளங்கள் எதையும் சுமக்காதவர். அவரிடம் துப்பாக்கி கிடையாது. சண்டை போடத் தெரியாது. அவருக்கென்று செயலாளர் கிடையாது. அழகிய பெண்கள் அவரைத் தேடி வருவதில்லை. பழைய மழைக்கோட்டும், மாடியில் ஒரு மலிவான அறையும், வரவேண்டிய கட்டணத்தைக் கூச்சத்தோடு கேட்கும் பழக்கமுமே அவருடைய உடைமைகள். கணவனைச் சந்தேகிக்கும் மனைவி, ஓடிப்போன மகளைத் தேடும் தகப்பன், கடனைத் திருப்பித் தராதவன் இருக்குமிடம் தெரியாமல் தவிக்கும் சிறு வியாபாரி என்று, காவல் நிலையத்துக்குப் போக முடியாத அல்லது போக விரும்பாத மனிதர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்கள் கேட்ட உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு அதை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அந்த வேதனையைப் பார்த்தபடி மார்க்கர் அடுத்த வேலைக்கு நடந்து போகிறார். மார்க்கராக நடித்த ஆல்ஃபிரட் பர்க் 1918இல் லண்டனின் பெக்கம் பகுதியில் பிறந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு 46 வயது. அது முடிந்தபோது 57. பத்தாண்டுக் காலம் ஒரே மனிதனாக மூப்படைந்தபடி ஒரு நடிகர் வாழ்ந்து காட்டியதை இத்தனை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

முதல் வழி, கிடைப்பதைக் கால வரிசையில் பார்ப்பது. 1965 ஜனவரியில் தொடங்கிய முதல் பருவம் லண்டனின் கிளாப்பம் பகுதியில் நடக்கிறது. 1966இல் வந்த இரண்டாம் பருவத்திலும் 1968இல் வந்த மூன்றாம் பருவத்திலும் மார்க்கர் பர்மிங்காமில் இருக்கிறார். முதல் பருவத்திலிருந்து இரண்டு, இரண்டாம் பருவத்திலிருந்து இரண்டு, மூன்றாம் பருவத்திலிருந்து ‘தி பிராம்ஸ்குரோவ் வீனஸ்’ என்னும் ஒன்று, ஆக ஐந்து பகுதிகள் பிழைத்திருக்கின்றன. மற்றவை அழிந்ததற்குக் காரணம் எவருடைய பகைமையும் அல்ல. அன்று காணொளி நாடா விலை மிகுந்த பொருள். ஒரு முறை பதிந்ததை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிவது எல்லா நிலையங்களிலும் நடைமுறையாக இருந்தது. ஒளிபரப்பிய நாடகத்தை மக்கள் வீட்டில் வாங்கி வைத்துப் பார்ப்பார்கள் என்பதை அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

எஞ்சிய ஐந்தும் தரத்தில் குறைந்தவை என்று சொல்ல மாட்டேன். ‘தி மார்னிங் வாஸன்ட் ஸோ ஹாட்’ என்னும் பகுதியில், தனியாக லண்டனுக்கு வந்துசேர்ந்து சுரண்டுபவர்களின் கையில் அகப்படும் இளம்பெண்ணின் கதை, அக்காலத் தொலைக்காட்சி தயங்கித் தொட்ட விஷயத்தைத் தயங்காமல் சொல்கிறது. ஆனால் புதிதாக வருகிறவருக்கு இந்த ஐந்தும் நுழைவாயிலாக அமையாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனையோ பகுதிகள் காணாமல் போயிருப்பதால், மார்க்கரோடு பழகும் உணர்வு வருவதற்குள் அவர் ஊர் மாறிவிடுகிறார். படமும் ஒலியும் மங்கலாக இருப்பதால், பர்மிங்காம் பேச்சு வழக்கைப் பின்தொடர்வது ஆங்கிலத்தைப் பள்ளிப்பாடமாகக் கற்ற நம் காதுக்குச் சிரமமாகவே இருக்கும். என்னிடமுள்ள டிவிடிகளில் சப்டைட்டில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஐந்தையும், மார்க்கரை ஏற்கெனவே நேசிக்கத் தொடங்கிவிட்டவர் பின்னால் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவை என்றே நான் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, 1969 ஜூலை 30இல் தொடங்கிய நான்காம் பருவம். ஏழே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம், மொத்தம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. என் பரிந்துரை இதுதான். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1968இல் வந்த மூன்றாம் பருவத்தின் முடிவில், திருட்டு நகைகளைக் கையில் வைத்திருந்த குற்றத்துக்காக மார்க்கர் சிறைக்குப் போகிறார். அந்தப் பகுதி இன்று இல்லை. நான்காம் பருவம் தொடங்கும்போது அவர் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஃபோர்டு திறந்தவெளிச் சிறையில் இருக்கிறார். அங்கிருந்து பரோலில் வெளியே வந்து பிரைட்டன் நகரில் ஒரு வாடகை அறைக்கும், கட்டடப் பொருள் கிடங்கொன்றில் கூலி வேலைக்கும் வந்துசேர்கிறார். அவருடைய வாழ்வில் அதற்கு முன் நடந்தது எதையும் நாம் பார்க்கவில்லை. ஆனால் அதனால் எந்த இழப்பும் நேர்வதில்லை. ஏனென்றால், அந்த ஊரில் அவரைச் சந்திக்கும் யாருமே அவருடைய கடந்த காலத்தைப் பார்த்தவர்கள் அல்லர். அவர் சிறையிலிருந்து வந்தவர் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். வீட்டு உரிமையாளரான ஹெலன் மார்ட்டிமர் எந்த அளவுக்கு அவரை அறிவாரோ, அந்த அளவுக்கே நாமும் அறிகிறோம். அவரை நம்பலாமா என்று ஹெலன் தயங்கும் இடத்தில் நாமும் தயங்குகிறோம். அழிந்துபோன நாடாக்கள் உண்டாக்கிய பள்ளம், சிறை ஒரு மனிதனுடைய வாழ்வில் உண்டாக்கும் பள்ளத்தோடு அப்படியே பொருந்திவிடுகிறது. தொடரை உருவாக்கியவர்கள் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது. இன்று பார்க்கிற நமக்கு அது வாய்த்திருக்கிறது.

இந்தக் கதைக்கு அன்றைய சட்டத்தின் பின்னணியும் உண்டு. இங்கிலாந்தில் பரோல் என்னும் முறையே 1967ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தால் ஏற்பட்டு, 1968இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே 1969இல் மார்க்கரைப் பார்த்த நேயர்களுக்குப் பரோலில் வந்த மனிதன் என்பது புதிய வகைப் பாத்திரம். அவன் வெளியே இருக்கிறான், ஆனால் விடுதலை பெறவில்லை. வேலையை விட முடியாது, ஊரை விட முடியாது, குறித்த நாளில் நன்னடத்தை அலுவலர் முன் போய் நிற்க வேண்டும். ஜிம் ஹல் என்னும் அந்த அலுவலர் பாத்திரத்தில் ஜான் கிரீவ் நடித்தார். பொதுவாக இத்தகைய பாத்திரங்களைக் கண்டிப்பான அதிகாரியாகவோ கருணை வள்ளலாகவோ எழுதிவிடுவது எளிது. இங்கே ஹல் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய முயலும், கையில் பல கோப்புகள் உள்ள, களைத்த ஓர் அரசு ஊழியர். அவருக்கும் மார்க்கருக்கும் இடையே வளர்வது நட்பு என்று சொல்லிவிட முடியாத, ஆனால் நம்பிக்கை என்று சொல்லக்கூடிய ஒன்று.

ஏழு பகுதிகளையும் ரோஜர் மார்ஷல் ஒருவரே எழுதினார் என்பது மிக முக்கியமான வேறுபாடு. மற்றப் பருவங்களில் பல எழுத்தாளர்கள் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் தனிக் கதை. இன்றைய வழக்கு இன்றோடு முடிந்துவிடும். 1969ஆம் ஆண்டுப் பருவமோ ஒரே மனிதனின் கதையை ஏழு படிகளில் சொல்லும் ஒரு நாவலைப் போல அமைந்திருக்கிறது. முதல் பகுதியில் பேசவே தயங்கும் மார்க்கர், நடுப்பகுதிகளில் பிறருடைய தொல்லைகளுக்குள் மெல்ல இழுக்கப்பட்டு, இறுதியில் தன் பழைய தொழில் தன்னைக் கூப்பிடுவதை ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வருகிறார். வழியில் ஹெலனுக்கும் அவருக்கும் இடையே உண்டாகும் நெருக்கத்தை மார்ஷல் கையாண்டிருக்கும் விதத்தை நான் எவ்வளவு பாராட்டினாலும் தகும். பாலின் டிலேனி நடித்த ஹெலன், விடுதி நடத்திப் பிழைக்கும், கணவரைப் பிரிந்த, மரியாதையான பெண். இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பதைத் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைக்கும் விதத்திலும், ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சில விநாடிகளிலும் மட்டுமே நாம் தெரிந்துகொள்கிறோம்.

நான்காம் பகுதியான ‘மை லைஃப்ஸ் மை ஓன்’ இந்தப் பருவத்தின் உச்சம் என்பது என் எண்ணம். ஹெலனின் விடுதிக்கு வரும் இளம்பெண் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறாள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஸ்டெஃபனி பீச்சம் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் 1961 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சட்டம் மாறி எட்டாண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அந்தப் பெண்ணைக் குற்றவாளியாகவோ நோயாளியாகவோ பார்க்காமல் ஒரு மனுஷியாகப் பார்க்கும் பகுதி இது. அவளுடைய துயரத்துக்குப் பின்னாலுள்ள காதல் அன்றைய சமூகம் வாய்விட்டுப் பேசத் தயாராக இல்லாத வகையைச் சேர்ந்தது. மார்க்கர் அவளுக்கு அறிவுரை சொல்வதில்லை. பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கேள்விக்கும் அதற்கு அவர் தரும் பதிலுக்கும் இடையே ஆல்ஃபிரட் பர்க் எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் கவனியுங்கள்; கண் சற்றுத் தாழ்ந்து, உதடு பிரிந்து, மறுபடியும் மூடி, பிறகு குரல் வருகிறது. சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டுவிட்டார் என்பது நமக்குப் புரிந்துவிடும்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, இது கறுப்பு வெள்ளை. ஐடிவி 1969 நவம்பர் 15இல்தான் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. இந்தப் பருவம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சுற்றுலாக் காலம் முடிந்த கடற்கரை நகரத்துக்கும் சிறையிலிருந்து வந்த மனிதனுக்கும் சாம்பல் நிறம் மிகவும் பொருந்துகிறது என்பது என் கருத்து. எல்லோரும் அப்படி நினைக்க வேண்டியதில்லை. இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. துப்பறியும் தொடர் என்று நம்பி வருகிறவருக்கு இங்கே துப்பறிதல் மிகக் குறைவாகவே கிடைக்கும். பரோல் நிபந்தனைகளால் கட்டுண்ட மார்க்கர் பல பகுதிகளில் துப்பறிவாளராகவே இல்லை. கிடங்கில் மூட்டை சுமக்கும் கூலியாள்தான். ஒரு வழக்கு, ஒரு புதிர், ஒரு விடை என்னும் இன்பத்தை முதலில் எதிர்பார்க்கிறவர் இந்தப் பருவத்தில் ஏமாற்றமடைவார். அவருக்கு அடுத்து வரும் வழியே ஏற்றது.

மூன்றாவது வழி, 1971இல் வந்த ஐந்தாம் பருவம். மார்க்கர் வின்ட்சருக்குக் குடிபெயர்ந்து மறுபடியும் பெயர்ப்பலகை மாட்டிவிடுகிறார். அரச குடும்பத்தின் கோட்டை நிற்கும் ஊரில், சுற்றுலாப் பயணிகள் நிறைந்த தெருக்களுக்கு நடுவே, நூல் பிரிந்த மழைக்கோட்டோடு இந்த மனிதர் நடப்பதே ஒரு காட்சி. நான் தொடங்கியதும் இங்கேதான். முதல் பகுதியின் பெயர் ‘எ மக் நேம்டு ஃபிராங்க்’. ஏமாளி ஃபிராங்க் என்று பொருள் கொள்ளலாம். மொத்தம் 13 பகுதிகள், பல எழுத்தாளர்கள், ஒவ்வொன்றும் தனிக் கதை. ரே ஸ்மித் நடித்த காவல் ஆய்வாளர் பெர்சி ஃபர்பேங்க் இங்கே அறிமுகமாகிறார். சந்தேகத்தோடு தொடங்கி, உரசலும் மரியாதையுமாக வளரும் இவ்விருவரின் உறவுக்காகவே வின்ட்சர் பகுதிகளைப் பார்க்கலாம். ஹெலனும் சில பகுதிகளில் வருகிறார். பிரைட்டனைப் பார்க்காதவருக்கு அந்த வருகையின் கனம் தெரியாது. நானும் முதன்முறை அதைத் தவறவிட்டேன். யாரோ பழைய சிநேகிதி போலும் என்று எண்ணிக் கடந்துவிட்டு, பின்னர் பிரைட்டன் பகுதிகளைப் பார்த்து முடித்து மறுபடியும் வந்தபோது, அதே காட்சி என்னை உட்கார்ந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. 1971ஐ இரண்டாம் இடத்தில் வைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வழக்குகளின் வகை என்று பார்த்தால் இந்தப் பருவம்தான் வளமானது. இதற்கும் ஒரு சட்டப் பின்னணி உண்டு. இங்கிலாந்தில் 1969இல் இயற்றப்பட்ட விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1971 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், விவாகரத்து வேண்டுமென்றால் துணைவரின் குற்றத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். பிறன்மனை உறவுக்குச் சாட்சி தேடுவதே மார்க்கர் போன்ற சிறு விசாரணையாளர்களின் சோற்றுப்பானையாக இருந்தது. புதிய சட்டம், மண வாழ்க்கை மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதையே அடிப்படையாக ஏற்றது. இருவரும் இசைந்தால் இரண்டாண்டுப் பிரிவும், ஒருவர் இசையாவிட்டால் ஐந்தாண்டுப் பிரிவும் போதுமானவையாயின. ஆனால் சந்தேகம் சட்டத்தைப் பார்த்து வருவதும் இல்லை, போவதும் இல்லை. ‘தி மேன் ஹூ டிடன்ட் ஈட் ஸ்வீட்ஸ்’, அதாவது இனிப்பு சாப்பிடாத மனிதன், என்னும் பகுதி இந்த வகைக்குச் சிறந்த மாதிரி. கணவன் இனிப்பைத் தொடமாட்டான் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த சிறு உண்மை. அந்தச் சிறு உண்மை ஒரு பெரிய பொய்யைத் திறந்துவிடுகிறது. மாளிகைக் கொலைகளும் நஞ்சுக் குப்பிகளும் இல்லாமல் இவ்வளவு பதற்றத்தை எழுப்ப முடியும் என்பதைக் கற்றுக்கொள்ள விரும்பும் எந்த எழுத்தாளருக்கும் இந்தப் பகுதியைச் சொல்வேன். 1971 பிப்ரவரி 15இல் பிரிட்டன் பத்தடிமான நாணயத்துக்கு மாறியது. ஆகவே பிரைட்டனில் பழைய ஷில்லிங் நாணயத்தை எண்ணியவர் வின்ட்சரில் புதிய பென்ஸ் எண்ணுகிறார். இரண்டு பருவங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு நாடு மாறுவதை மார்க்கரின் சட்டைப்பை வழியாகவே பார்த்துவிடலாம்.

இந்தப் பருவம் வண்ணத்தில் வந்தது என்று கேள்விப்பட்டு வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை: இதில் சில பகுதிகள் கறுப்பு வெள்ளையே. 1970 நவம்பரிலிருந்து 1971 பிப்ரவரி வரை ஐடிவி தொழில்நுட்பப் பணியாளர்கள் ஊதியத் தகராறு காரணமாக வண்ணக் கருவிகளை இயக்க மறுத்தார்கள்; அந்த மாதங்களில் பதிவானவை வண்ணம் இல்லாமலே நின்றுவிட்டன. எனவே கறுப்பு வெள்ளையைத் தவிர்ப்பதற்காக மட்டும் 1971ஐத் தேர்ந்தெடுப்பது முழுப் பயனைத் தராது.

பட அமைப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும் விஷயம் இது. அக்கால பிரிட்டிஷ் நாடகங்களில் வெளிப்புறக் காட்சிகளைப் படச்சுருளிலும், உட்புறக் காட்சிகளை ஸ்டூடியோவில் காணொளி நாடாவிலும் பதிவது வழக்கம். தெருவில் ஒருவர் நடந்து வரும்போது படத்தில் மெல்லிய மணல் தூவியதுபோன்ற துகள்கள் இருக்கும். காற்றின் ஒலியும் வண்டிகளின் ஒலியும் கேட்கும். அவர் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்த நொடியில் ஒளி தட்டையாகிவிடும். காலடியில் மரப்பலகை மேடையின் வெற்றொலி எழும். சுவர் இலேசாக அசைவதுகூட எப்போதாவது தெரியும். இரண்டு பகுதிகள் பார்த்த பிறகு கண் பழகிவிடுகிறது. அதன் பிறகு ஸ்டூடியோ அறையின் அந்த நெருக்கமே பலமாகத் தோன்றத் தொடங்கும். நாடக மேடையின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதுபோல நடிகர்களின் மூச்சு கேட்கும்.

நான்காவது வழி, ஒரே ஒரு மாலை மட்டும் ஒதுக்க முடிந்தவருக்கானது. 1972–73இல் வந்த ஆறாம் பருவத்தில் ‘தி மேன் ஹூ செட் ஸாரி’ என்றொரு பகுதி உண்டு. ஒரு மனிதர் மார்க்கரின் அறைக்கு வருகிறார். ஏறத்தாழ முழுப் பகுதியும் அந்த அறையில் அவ்விருவரும் பேசிக்கொள்வதாகவே நகர்கிறது. வந்தவர் எதற்காக வந்தார் என்பது பேச்சின் அடுக்குகளுக்குள்ளிருந்து சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். இது பிடிக்கவில்லை என்றால் தொடர் முழுவதும் பிடிக்காது என்று தயங்காமல் சொல்லலாம். பிடித்துவிட்டால் பிரைட்டனுக்குத் திரும்பிப் போய் முறையாகத் தொடங்கலாம். ஆனால் ஆறாம் பருவத்தை முழுமையாக நுழைவாயிலாக்குவதில் தனிப் பயன் எதுவும் இல்லை. இதுவும் வின்ட்சரே, 13 பகுதிகளே. ஐந்தாம் பருவத்தைத் தொடர்ந்து பார்ப்பதே இயல்பு.

1975 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வந்த ஏழாம் பருவத்திலிருந்து யாரும் தொடங்க வேண்டாம். தரம் தாழ்ந்துவிட்டது என்பதல்ல காரணம். ரான் காஷ் என்னும் மற்றொரு துப்பறிவாளர், பீட்டர் சைல்ட்ஸ் நடித்த பாத்திரம், மார்க்கரைக் கூட்டுத்தொழிலுக்கு அழைக்கிறார்; அந்தக் கூட்டு நிலைப்பதில்லை; மார்க்கர் செர்ட்சி என்னும் சிற்றூரில் மறுபடியும் தனியாளாகிறார். தனிமையே இயல்பாகிவிட்ட ஒருவருக்குத் துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய, அந்தத் தனிமையை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

வேறு தொடருக்கே போய்விடலாமா என்பதும் ஒரு கேள்விதான். இதே வகையில், இதைவிட வேகமான இரண்டைச் சொல்வார்கள். 1978இல் தொடங்கிய, தேம்ஸ் நிறுவனமே தயாரித்த ‘ஹேஸல்’ தொடரில், காவல் துறையிலிருந்து வெளியேறி, குடியிலிருந்து மீண்ட இளைஞராக நிக்கலஸ் பால் நடித்தார், கதாநாயகனே பின்னணிக் குரலில் கதை சொல்லும் அமெரிக்கப் பாணியை லண்டன் பேச்சுக்கு மாற்றிய தொடர் அது, 22 பகுதிகள். 1979–80இல் பிபிசி ஒளிபரப்பிய ‘ஷூஸ்ட்ரிங்’ தொடரில், மனநலம் குலைந்து கணினி வேலையை விட்ட ஒருவர் பிரிஸ்டல் வானொலி நிலையத்தின் துப்பறிவாளராகிறார். டிரெவர் ஈவ் நடித்த 21 பகுதிகள். இரண்டும் பார்ப்பதற்கு இலகுவானவை, வண்ணத்தில் உள்ளவை. வாரத்துக்கு ஒன்று என்று பொழுதுபோக்காகப் பார்க்க விரும்புகிறவருக்கு ‘ஷூஸ்ட்ரிங்’ தொடரைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் ஹேஸலும் ஷூஸ்ட்ரிங்கும் தங்கள் குறைகளையே கவர்ச்சியாக அணிந்துகொண்டவர்கள். கசங்கிய உடையிலும் அவர்கள் நாயகர்களே. மார்க்கரின் வறுமை வாடகை நாளன்று உறைக்கும் வறுமை. அந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம் என்றால் மற்ற இரண்டும் ‘பப்ளிக் ஐ’க்கு மாற்றாகா.

வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேம்ஸ் பருவங்கள் ஆண்டு வாரியாகத் தனித்தனி டிவிடிப் பெட்டிகளாக வந்திருந்தன. அவற்றை வெளியிட்ட நிறுவனம் 2023இல் மூடப்பட்டுவிட்டதால் இப்போது பழைய பிரதிகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால் எல்லாவற்றையும் ஒருசேர வாங்கக் காத்திருக்க வேண்டாம். 1969 என்று குறித்த பெட்டியை மட்டும் முதலில் வாங்குங்கள். பிரிட்டிஷ் டிவிடிகள் இரண்டாம் மண்டலக் குறியீடு கொண்டவை. நம்மூர் இயக்கிகள் ஐந்தாம் மண்டலத்தவை என்பதால், எல்லா மண்டலத்தையும் ஏற்கும் இயக்கி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரைட்டன் பருவத்தின் ஏழு பகுதிகளையும் ஒரே வாரத்தில் முடிக்காமல், இரண்டு நாளுக்கு ஒன்றாகப் பாருங்கள். பிறகு 1971, பிறகு 1972–73, கடைசியில் 1975. அந்தக் கடைசிப் பகுதியும் முடிந்த பிறகு, 1965ஆம் ஆண்டின் ‘நோபடி கில்ஸ் சாண்டா கிளாஸ்’ பகுதியை எடுத்துப் போடுங்கள். பத்து வயது குறைந்த முகத்தோடு மார்க்கர் கிளாப்பம் அறையில் நிற்பார். சிறையும் ஹெலனும் ஃபர்பேங்கும் அவருக்கு இன்னும் தெரியாது, நமக்குத் தெரியும்.